பேதி குடித்த ஆக்களும் கிரேக்கச் சொல்லும்

ஆகஸ்ட் விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் பேதி குடிக்கும் நாளும் வரும். விடிய வெறும் வயிற்றில் ஆமணக்கெண்ணெய். "மூக்கைப் பொத்திக்கொண்டு குடி மனே, மறுகா தோடம்பழம் தாறன்" என்பார் அம்மம்மா. மத்தியானம் வரை கொல்லைக்கும் திண்ணைக்கும் நடைதான். அப்புறம் மிளகு ரசமும் குழைந்த சோறும். பின்னேரம் உடம்பு பஞ்சுபோல் ஆகி, வாவிக் காற்றில் வரும் அந்த நித்திரை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

உயர்தர வகுப்பில் நாடகப் பாடம் எடுத்த சேர் ஒருநாள் கரும்பலகையில் 'கதார்சிஸ்' என்று எழுதினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்து, "பேதி குடிச்ச ஆக்கள் கை உயர்த்துங்க" என்றார். முழு வகுப்பும் உயர்த்தியது.

கிரேக்கத்தில் 'கதரோஸ்' என்றால் தூய்மையான. அதிலிருந்து வந்த கதார்சிஸ், தூய்மையாக்கல். கோயில் சடங்கில் தீட்டுக் கழிப்பதற்கும் அந்தச் சொல்தான், ஹிப்போக்ரட்டீஸ் வழி வைத்தியர்கள் வயிற்றைக் கழுவுவதற்கும் அதுதான். ஆங்கிலத்தில் 'கதார்டிக்' இன்றும் பேதி மருந்து. அரிஸ்டாட்டிலின் தகப்பன் மக்கெதோனிய மன்னரின் வைத்தியர் என்று சேர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருந்து மணத்த வீட்டில் பிறந்தவர்தான், துன்பியல் நாடகம் இரக்கத்தாலும் அச்சத்தாலும் அந்த உணர்ச்சிகளையே கதார்சிஸ் செய்கிறது என்று எழுதினார். அது ஒழுக்கத் தூய்மையா, வைத்தியர் சொல்லும் கழிச்சலா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். 1857இல் ஜெர்மானியரான பெர்னேஸ் வைத்தியப் பொருளே சரி என்று வலுவாக நின்றார். நானும் அந்தப் பக்கம்தான்.

அதோடு சேர் விடவில்லை. நம் பேதியில் தூய்மை என்ற பொருளே இல்லை என்றார். வடமொழியில் 'பித்' என்றால் பிளத்தல். பேதம் பிறந்ததும் அதிலேதான். இறுகிக் கிடப்பதை உடைத்து இறக்குவது பேதி. விரேசனம் வேறு: 'ரிச்', வெறுமையாக்கல். பிராணாயாமத்தில் மூச்சை வெளியே விடும் ரேசகமும் அதே வேர். சார்ங்கதரரின் வைத்திய நூல் கடுகுரோகிணி என்ற மூலிகையைப் பேதனத்துக்கும் சிவதை என்ற மூலிகையை ரேசனத்துக்கும் உதாரணமாகத் தனித்தனியே காட்டுகிறது. ஒரே வேலைதானே என்று நாம் நினைப்பதற்குள் வைத்தியர்கள் இவ்வளவு நுணுக்கம் பார்த்திருக்கிறார்கள். வேறெந்தப் பாடத்திலும் ஒரு சொல்லை இப்படி எனக்கு யாரும் பிரித்துக் காட்டியதில்லை.

அந்த வருடம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கூத்து. கூத்தாடும் வட்டக்களரியில் அபிமன்யு விழும் நேரம், மத்தளம் அடங்க, அம்மம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்த பெண்களும் அப்படித்தான். விடியற்காலை வயல் வரம்பால் வரும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. சேர் சொன்னதை நடந்துகொண்டே சொன்னேன்.

"அதுக்குத்தானே மனே கூத்துக்குப் போறது" என்றார்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் மருந்துக் கடையில் பேதிக்கு எடுக்கும் நிலவாகை இலையைத் தேயிலைப் பைபோலப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் சேரின் வெண்கட்டி எழுத்துத்தான் முன்னுக்கு வரும். என் கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. அந்த வகுப்பில் இருந்த யாரிடமாவது சேர் தந்த குறிப்புகள் இருந்தால், இந்த மலரைத் தொகுக்கும் குழுவுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.