யோர்தானின் கிழக்குக் கரையில் ஞானஸ்நானப் புதுப்பிப்பு ஆராதனை

யோர்தான் நதியை முதன்முதலாகக் காண்பவர்களுக்கு, சீரியப் படைத்தலைவன் நாகமானின் முறையீடு நியாயமாகத்தான் தோன்றும். குஷ்டரோகம் நீங்க இந்தத் தண்ணீரில் ஏழு தரம் முழுகும்படி எலிசா தீர்க்கதரிசி சொன்னபோது, தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல நதிகள் அல்லவா என்று கோபத்தோடு திரும்பிப் போனவன் அவன். கீர்த்தனைகளிலும் பிரசங்கங்களிலும் பெருக்கெடுத்து ஓடுகிற நதி, இங்கே நாணற்புதர்களுக்கு நடுவே சில மீட்டர் அகலத்தில், கலங்கிய பழுப்பு நிறத்தில், ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகப்படும்படி கிடக்கிறது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கனமீட்டர் நீரைச் சாக்கடலில் கொண்டுசேர்த்த ஆறு இது. நதியை ஒட்டிய நாடுகள் அணைகளாலும் கால்வாய்களாலும் மேலேயே நீரை எடுத்துக்கொண்டதால், இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இங்கு வந்து சேர்வதில்லை. நாகமானின் வேலைக்காரர்கள் அவனுக்குச் சொன்ன பதிலும் கரையில் நின்றபோது நினைவுக்கு வந்தது. பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்கள் அல்லவா, எளிய காரியத்தைச் சொன்னதால்தானே தயங்குகிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

எங்கள் ஆயரோடு யாத்திரைக் குழுவாக நாங்கள் சென்றது நதியின் கிழக்குக் கரைக்கு, அதாவது ஜோர்டான் நாட்டின் எல்லைக்குள் இருக்கும் அல்-மக்தாஸ் என்ற இடத்துக்கு. யோவான் ஸ்நானகன் யோர்தானுக்கு அக்கரையில் ஞானஸ்நானம் கொடுத்ததாக நான்காம் சுவிசேஷம் சொல்லும் பெத்தாபரா இதுவே என்பது பழைய மரபு. 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு இரு கரைகளும் ராணுவ எல்லையாகிக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டதால், பல ஆண்டுகள் இங்கே யாத்திரிகர் எவரும் வர முடியவில்லை. 1994இல் ஜோர்டானும் இஸ்ரேலும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே வெடிகள் அகற்றப்பட்டு, 1996இல் அகழாய்வு தொடங்கியது. பழைய யாத்திரிகர்கள் தங்கள் குறிப்புகளில் எழுதிவைத்திருந்த ஆலயங்களும் குளங்களும் மண்ணுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 2015இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது.

பார்வையாளர் மையத்திலிருந்து பேருந்தில் கொண்டுவந்து விடுகிறார்கள், அங்கிருந்து நடை. கடல்மட்டத்துக்கு 350 மீட்டருக்கும் கீழான பள்ளத்தாக்கு என்பதால் காலையிலேயே காற்றில் ஒரு கனம் இருக்கிறது. பாதையின் முடிவில், நதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பைசாந்தியக் காலத்து ஆலயத்தின் அடித்தளங்கள் கிடக்கின்றன. நதி தன் போக்கை மாற்றி மேற்கே நகர்ந்துவிட்டதால், அன்றைக்கு நீர் ஓடிய இடம் இன்றைக்கு உலர்ந்த பள்ளம். பேரரசர் அனஸ்தாசியுஸ் காலத்தில், வெள்ளம் வந்தாலும் அழியாதபடி வளைவுகளின்மேல் உயர்த்தி இங்கே ஓர் ஆலயம் கட்டப்பட்டதாக 6ஆம் நூற்றாண்டின் யாத்திரிகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆலயத்திலிருந்து நீருக்கு இறங்கும் பளிங்குப் படிகளும், அவற்றின் முடிவில் சிலுவை வடிவில் கட்டிய ஞானஸ்நானத் தொட்டியும் இருந்ததற்கான அடையாளங்களை இப்போதும் காணலாம். படிகளில் சில பாதி உடைந்தும், சில இடம் பெயர்ந்தும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறுகிறவர் ஒரு பக்கமாக இறங்கி மறுபக்கமாக ஏறி வெண்ணாடை உடுத்துவார் என்று ஆயர் விளக்கிக்கொண்டிருக்க, எங்களில் வயதில் மூத்த அம்மா ஒருவர் தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்றபடியே, அந்தப் படிகளை மேலிருந்து கீழாக விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. ஜோர்டான் அரசு இந்தப் பகுதியில் பல திருச்சபைகளுக்கு நிலம் வழங்கியிருக்கிறது. பொன்னிறக் குவிமாடத்தோடு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயம் நிற்கிறது. ரஷ்யர்களுக்கு யாத்திரிகர் விடுதி இருக்கிறது. கத்தோலிக்கரின் பெரிய ஆலயம் 2025 ஜனவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. காப்டிக், ஆர்மீனிய, லூத்தரன் சபையாருக்கும் இடங்கள் உண்டு. எல்லாத் திருச்சபைகளுக்கும் இடமளித்த பெருந்தன்மை பாராட்டத் தக்கதுதான். ஆனாலும், ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்று எபேசியருக்கு எழுதப்பட்ட வசனத்தை வாசிக்கும் நாம், அந்த ஒரே ஞானஸ்நானம் தொடங்கிய இடத்திலேயே இத்தனை தனித்தனி மதில்களை எழுப்பியிருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பெருமிதத்தைவிடக் கூச்சமே மிகுந்தது.

ஆராதனை நதியோரத்து மரத்தளத்தில் நடந்தது. ஆயர் வெள்ளை அங்கி அணிந்ததும் முதலில் செய்தது, ஒரு தவறான எதிர்பார்ப்பைக் களைந்ததுதான். எங்களில் பெரும்பாலோர் கைக்குழந்தைகளாக ஞானஸ்நானமும், விவரம் தெரிந்த வயதில் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தலும் பெற்றவர்கள். யோர்தானில் முழுகினால் அது கூடுதல் மதிப்புள்ள ஞானஸ்நானம் என்ற எண்ணம் யாத்திரைக் குழுக்களில் சாதாரணமாக உண்டு. "நம்ம ஊர் ஆலயத்துத் தொட்டியில விழுந்த தண்ணிக்கும் இந்தத் தண்ணிக்கும் கர்த்தர் சந்நிதியில வித்தியாசம் கிடையாது. இங்க வந்து இரண்டாவது ஞானஸ்நானம் எடுத்தோம்னு யாரும் சொல்லாதீங்க" என்று அவர் கண்டிப்பாகவே சொன்னார். ஞானஸ்நானம் திரும்பச் செய்யத் தகாத செயல் என்பதில், 1982இல் பெரு நாட்டின் லீமா நகரில் பல திருச்சபைகளின் இறையியலாளர்கள் கூடி ஏற்றுக்கொண்ட அறிக்கையும் உறுதியாக இருக்கிறது. நாங்கள் செய்யவிருந்தது உடன்படிக்கையைப் புதுப்பித்தல் மட்டுமே. அவருடைய விளக்கத்தால் முகம் வாடியவர்கள் இருந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. தேவன் ஒருமுறை செய்துமுடித்ததை நாம் மறுபடியும் செய்து சரிபார்க்க வேண்டியதில்லை என்பதைவிடப் பெரிய நிம்மதி விசுவாசிக்கு வேறில்லை.

பிரசங்கத்துக்கு ஆயர் எடுத்துக்கொண்டது லூக்கா மூன்றாம் அதிகாரம். இயேசு ஞானஸ்நானம் பெற்ற காட்சியை எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவர் அதற்கு முந்திய பகுதியிலேயே நின்றுவிட்டார். இதே பள்ளத்தாக்கில் யோவானிடம் வந்த ஜனங்கள், அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கிகள் வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார் யோவான். வரி வசூலிப்பவர்களிடம், விதிக்கப்பட்டதற்கு அதிகமாக வாங்காதீர்கள் என்கிறார். போர்ச்சேவகர்களிடம், ஒருவரையும் இடுக்கண் செய்யாமல், பொய்க் குற்றம் சாட்டாமல், சம்பளமே போதும் என்றிருங்கள் என்கிறார். மனந்திரும்புதலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் உள்ளத்தின் உருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதையும், துணி, பணம், அதிகாரம் ஆகிய மூன்றைப் பற்றியே பேசினார் என்பதையும் நான் அதுவரை கவனித்ததில்லை. போர்ச்சேவை செய்கிறவனை ஞானஸ்நானத்துக்குத் தகுதியற்றவன் என்று அவர் துரத்தவும் இல்லை. அப்படியே இருந்துவிடு என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. வருகிற எவரையும் ஏற்றுக்கொள்வதும், ஏற்றுக்கொண்டவரிடம் மாற்றத்தைக் கேட்பதும் ஒரே மூச்சில் நடக்கின்றன.

இரண்டாம் பாடத்தை வாசித்தவர் எங்கள் குழுவில் வந்திருந்த திருநங்கைச் சகோதரி. அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அரசியின் மந்திரியாகிய அண்ணகர் (விதைநீக்கம் செய்யப்பட்டவர்) காசாவுக்குப் போகும் வழியில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தை வாசிக்கும் பகுதி அது. அண்ணகர்கள் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அண்ணகனுக்கு என் ஆலயத்தில் என்றும் அழியாத நாமத்தைக் கொடுப்பேன் என்ற வாக்குத்தத்தம் ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒன்று கதவை மூடுகிறது, மற்றொன்று திறக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் மனிதர், வழியோரத்தில் நீர்நிலை ஒன்றைக் கண்டதும், தனக்கு வேதத்தை விளக்கிய சுவிசேஷகன் பிலிப்புவிடம் கேட்கிறார்: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன." சகோதரி அந்த வசனத்தை வாசித்துவிட்டு, அடுத்த வசனத்துக்கு உடனே போகாமல் வேதாகமத்தின் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு அதே குரலில் பாடத்தை முடித்தார்.

பிலிப்பு எந்தக் கமிட்டியையும் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. தடை எது என்ற கேள்விக்கு நாம் நம் சரித்திரத்தில் கொடுத்த பதில்கள் பெருமைப்படத் தக்கவை அல்ல. ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்களை, ஆலயத்தில் உட்காரும்போதும் அடக்கம்பண்ணும்போதும் சாதியால் பிரித்துவைத்தவர்கள் நாம். திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளத்து ஆலயத்தில் ஒரு சாதியாரின் கண்ணில் இன்னொரு சாதியார் படாதபடி எழுப்பிய தடுப்புச் சுவரை 1910இல் இடித்தபோது எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம்வரை போனது. உங்களில் கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்கள், யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை என்ற கலாத்தியர் வசனத்தை மனப்பாடம் செய்த சமுதாயத்தில்தான் இது நடந்தது. இன்றும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் அந்தச் சுவர் வேறு உருவில் நிற்கிறது.

புதுப்பித்தல் சடங்கை ஆயர் ஆதித் திருச்சபையின் முறைப்படி அமைத்திருந்தார். அன்று ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் மேற்குத் திசையைப் பார்த்துப் பிசாசையும் அவன் கிரியைகளையும் மறுதலித்து, பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார்கள் என்பது எருசலேமின் பேராயர் சிரிலின் 4ஆம் நூற்றாண்டுப் போதனைகளிலிருந்து தெரியவருகிறது. எங்களுக்கு மேற்கு என்பது நதியும் அதன் எதிர்க்கரையும். சில மீட்டர் தொலைவில், இஸ்ரேல் கொடியின் கீழே, கஸ்ர் அல்-யஹூத் படித்துறையில் வெண்ணங்கி அணிந்த வேறொரு நாட்டு யாத்திரிகர்கள் தங்கள் மொழியில் பாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களை நேருக்கு நேர் பார்த்தபடி பிசாசை மறுதலித்தோம். அவர்கள் அதைத் தங்களைப் பற்றியதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இரு கரையிலும் துப்பாக்கியோடு நின்ற காவலர்கள் எங்களையும் அவர்களையும் ஒரே சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவிலே ஓடிய தண்ணீர் இரண்டு தரப்புக்கும் பொதுவாகவே இருந்தது.

பிறகு கிழக்கே திரும்பி விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னோம். அதன்பின் ஒவ்வொருவராக மரப்படியில் இறங்க, ஆயர் நதிநீரைக் கையால் அள்ளி நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, பெயரைச் சொல்லி, உன் ஞானஸ்நானத்தை நினைத்துக்கொள் என்றார். சகோதரியின் முறை வந்தபோது, அவர் தானாகத் தேர்ந்துகொண்ட பெயரை ஆயர் தயக்கமின்றி, மற்றவர்களுக்குச் சொன்ன அதே தொனியில் சொன்னார். குழந்தையாக இருந்தபோது இட்ட பெயர் வேறு, ஞானஸ்நானம் அதேதான். "ஆமென்" என்று எல்லோரும் சொன்னோம். சிலர் சற்றுத் தாமதமாகச் சொன்னார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

படியின் கடைசிப் பலகையில் பாசி படிந்திருந்தது. எங்கள் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகள் சேர்ந்த சேகரத்தின் பெரியவர்கள் இருவர், ஒரு தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்ற நாள்முதல் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. விமானத்திலும் பேருந்திலும் கவனமாக எட்டி எட்டி உட்கார்ந்து வந்தவர்கள். அவர்களில் இளையவர் இறங்கும்போது கால் வழுக்கியது. முன்னால் இறங்கியிருந்தவர் சட்டென்று அவருடைய முழங்கையைப் பிடித்து, "பாத்து அண்ணே... தம்பி" என்று தடுமாறினார். யார் மூத்தவர் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. "அண்ணன் நீங்கதான்" என்றார் மற்றவர். இவ்வளவுதான் நடந்தது. அவர்கள் கட்டித்தழுவிக்கொள்ளவில்லை, வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் அது இன்னும் நிலுவையில்தான் இருக்கும். ஆனால், திரும்பி ஏறும்போது ஒரே துண்டில் இருவரும் கால் துடைத்ததைப் பார்த்தேன். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி என்று யோவான் கேட்டதில் இது எத்தனையாவது பங்கு என்று அளக்க எனக்கு அருகதை இல்லை.

ஆசீர்வாதம் கூறி முடித்ததும் எல்லோரும் சிறு போத்தல்களில் நதிநீரைப் பிடித்துக்கொண்டார்கள். குடிப்பதற்கு உகந்த நீர் அல்ல, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் புகட்டிவிடாதீர்கள் என்று ஆயர் மறுபடியும் எச்சரிக்க வேண்டியிருந்தது.

பேருந்து புறப்பட்டதும் சகோதரி ஆயரின் இருக்கையருகே வந்து, ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தன்னுடைய இப்போதைய பெயரைச் சேர்க்க வழியிருக்கிறதா என்று கேட்டார். பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது, ஓரத்தில் குறிப்பு எழுதலாம், அதற்குச் சேகரக் கமிட்டி சம்மதிக்கவேண்டும் என்றார் ஆயர். "அப்ப மனு எழுதுவோம் ஐயரே, நான் கையெழுத்துப் போடறேன்" என்று முன்னிருக்கையிலிருந்து ஆயரிடம் குரல் கொடுத்தார் படியில் வழுக்கிய பெரியவர். கமிட்டியில் எதிரணியும் கையெழுத்திட்டால்தான் அது நிறைவேறும் என்று யாரோ சொல்ல, அவர் எழுந்துபோய் இரண்டு வரிசை பின்னால் இருந்த மற்றவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆராதனை முறைத்தாளின் வெற்றுப் பின்பக்கத்தில் மனுவின் முதல் வரியை எப்படித் தொடங்குவது என்பதில் இருவருக்கும் உடனே கருத்து வேறுபாடு எழுந்தது. பேருந்து மதபா நகரை நெருங்கும்வரை அந்த விவாதம் நீடித்தது.