வெல்டிங்கில் ஒட்டுமுன் உலோகத்தைத் தெரிந்துகொள்: திருகோணமலைப் பட்டறைக் குறிப்பு

யூலை 6
உப்புக்காற்று பட்ட சாமான் எல்லாம் ஒரே தவிட்டு நிறம். மேல்தோலைப் பார்த்து உலோகம் சொல்லவே கூடாது. ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். பழைய பெயின்ற் என்றால் ஈயம் இருக்கலாம். நனைத்துச் சுரண்டு, உலர்ந்தபடி கிறைண்டர் வைக்காதே. எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடு. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம்: அதன் ஆவியில் வெல்டிங் வெளிச்சம் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

யூலை 9
கேற்றுக் குழாய். காந்தம் ஒட்டியது. ‘அப்ப இரும்புதான்’ என்று நேரே வெல்டிங் குச்சியை வைக்கிறார்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய கல்வனைஸ் குழாயிலும் காந்தம் ஒட்டும், அடியில் இருப்பது இரும்புதானே. அரம் இழுத்த இடத்தை வெயிலில் சரித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் நாகத்தின் வெளிர்சாம்பல் வரி, நடுவில் சற்றே கருத்த இரும்பு: இரண்டு நிறம் தெரிந்தால் பூச்சு உண்டு.

இரும்பு உருக ஏறக்குறைய 1500 பாகை செல்சியஸ் வேண்டும். நாகமோ 907 இலேயே கொதித்து வெள்ளைப் புகையாகிவிடும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரி என்பது வெறும் பேச்சு. ஒட்டும் இடத்தின் இரு புறமும் 5 சென்ரிமீற்றர் பூச்சை எடு. குழாயின் உட்புறம் கை எட்டாது, அந்தப் புகை திறந்த முனையால் வரும். முகத்தை அங்கே வைக்காதே. இப்போது கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் காலம், வெளியில் வேலை செய்யலாம். காற்று பக்கவாட்டில் வரட்டும். முதுகில் அடித்தால் புகை முகத்தடியில் சுழலும். துணி முகமூடி இந்தப் புகைக்கு உதவாது.

யூலை 14
பம்பின் உடைந்த கால். சாணைக் கல்லில் தொட்டுத் தீப்பொறியைப் பார்க்கும் பொறிப் பரிசோதனைக்கு மூன்று மாதிரி பக்கத்தில் வேண்டும்: மெல்லுருக்கு (மைல்ட் ஸ்டீல்) கம்பித் துண்டு, பழைய அரம், உடைந்த வார்ப்பிரும்பு. நிழலில், ஒரே அழுத்தத்தில் கல்லில் தொடு. மெல்லுருக்கு நீண்ட மஞ்சள் கோடுகள் விடும். அரத்தின் பொறி நுனியெல்லாம் பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பு கல்லோரத்திலேயே சிவந்து, குட்டையாக அடங்கும். இந்தக் கால் மூன்றாவது சாதி. உளி வைத்தபோதும் சுருளாமல் பொடியாகத் தெறித்தது.

சாதாரணக் குச்சி போட்டால் ஆறும்போது ஓரத்திலேயே வெடிக்கும். நிக்கல் குச்சி, ஒரு தடவைக்கு ஓர் அங்குலம், சூடு இருக்கும்போதே மெல்லத் தட்டு, கை பொறுக்கும் சூடு வந்த பின் அடுத்த அங்குலம். முடிந்ததும் உலர்ந்த மணலில் புதை.

யூலை 15
அலுமினியத்தைக் கல்லில் வைக்காதே: கல்லின் துளை அடைத்துச் சூடேறும், கல் உடையலாம். அலுமினியம் போலிருந்து அதைவிட இலேசாக இருந்தால், தேய்த்த இடத்தில் ஒரு சொட்டு வினாகிரி. நுரைத்தால் மக்னீசியம். அதன் துருவல் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூளும். வீட்டுப் பட்டறையில் தொடாதே.

யூலை 20
வள்ளத்துப் பழைய போல்ற், பொன்மஞ்சள் பூச்சு. நாகமாகவும் இருக்கலாம், கட்மியமாகவும் இருக்கலாம்; கண்ணால் பிரிக்க முடியாது. கட்மியப் புகை நுரையீரலைக் கெடுத்து ஆளையே கொல்லும். அரமும் வைக்கவில்லை, கிறைண்டரும் வைக்கவில்லை. எண்ணெய் விட்டுக் கழற்றி, புது போல்ற் போட்டாயிற்று.