ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும் பிரைட்டன் வாடகையும்

இங்கிலாந்தின் தெற்குக் கடலோர நகரமான பிரைட்டனில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் முப்பது. மாத வாடகையை முப்பதால் பெருக்குங்கள். உங்கள் ஆண்டுச் சம்பளம் அதற்குக் குறையாமல் இருந்தால் லெட்டிங் ஏஜென்ட், அதாவது வாடகை வீட்டுத் தரகர், மேற்கொண்டு பேசுவார். குறைந்தால் "சாரி" என்று ஒரு மின்னஞ்சல் வரும். பல நேரம் அதுவும் வராது. 2024ல் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில், பேண்ட் 5 என்ற சம்பளப் படிநிலையில் நர்ஸாகச் சேர்ந்தவருக்கு ஆண்டுச் சம்பளம் 29,970 பவுண்டு. முப்பதால் வகுத்தால் 999. ஆயிரம் பவுண்டு வாடகை வீட்டுக்குக்கூட ஒரு பவுண்டு தகுதி குறைவு! நான் தேடியதோ இரண்டு படுக்கையறை. வீட்டு விளம்பர இணையதளமான ரைட்மூவில் அப்போது என் கண்ணில் பட்டவை எல்லாம் 1,500க்கு மேல்தான்.

நான் நாகர்கோவில்காரி. கெம்ப்டவுன் பக்கம் இருக்கும் மருத்துவமனையில் வேலை. வந்த புதிதில் மருத்துவமனையே தங்க இடம் கொடுத்தது. கெடு முடிந்ததும் பிரைட்டனை ஒட்டிய ஹோவில் ஒரு வீட்டில் ஒற்றை அறைக்கு மாறினேன். பில் எல்லாம் சேர்த்து 750 பவுண்டு. வீட்டுக்காரம்மா நல்லவர்தான், ஆனால் மாலை ஏழுக்கு மேல் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று ஒரு விதி. பன்னிரண்டரை மணி நேர டூட்டி முடித்து எட்டரைக்கு வீடு வருகிறவள் என்ன சாப்பிடுவாள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தயிர்சாதமும் ஊறுகாயுமாகப் பல ராத்திரிகள் போயின. தனியாள் என்றால் அப்படியே ஓட்டியிருப்பேன். கணவரும் மகனும் விசா கிடைத்து வரப்போகிறார்கள் என்றானதும்தான் நிஜமான தேடல் தொடங்கியது.

இந்த ஊரில் வாடகை ஏன் இப்படி என்று கேட்டால், வரைபடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தெற்கே கடல். வடக்கே சவுத் டவுன்ஸ் குன்றுகள், அது தேசியப் பூங்கா, வீடு கட்ட எளிதில் அனுமதி கிடைக்காது. நடுவில் இருக்கிற ஒடுங்கிய துண்டு நிலத்தில்தான் எல்லாரும் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் லண்டன், ஆகவே லண்டன் சம்பளம் வாங்குகிறவர்களும் இங்கேயே குடியிருக்கிறார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் வேறு. நாலைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தால் தலைக்கு எழுநூறு கொடுத்தாலும் வீட்டுக்காரருக்கு மூவாயிரம் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு அதே வீட்டை எதற்கு விடப்போகிறார்? கோடையில் வார இறுதிக்கு வருகிறவர்களிடம் நாள் கணக்கில் வாடகை வாங்கும் வீடுகள் இன்னொரு பக்கம்.

இதையெல்லாம் தொடங்கிவைத்தவர் ஒரு டாக்டர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த ரிச்சர்ட் ரஸ்ஸல், கடல்நீரில் குளித்தால் நோய் தீரும், குடித்தாலும் தீரும் என்று எழுதினார். பணக்காரர்கள் வந்தார்கள், பின்னால் இளவரசரும் வந்தார், மீனவக் கிராமம் மாளிகை ஊரானது. என் அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "மக்களே, கடல் பக்கத்துல வீடு எடுத்தா கூடுதல் வாடகையா? ஜன்னல் கம்பி எல்லாம் துரு பிடிச்சுப் போகுமே" என்றார் போனில். குளச்சல் பக்கம் கடலை ஒட்டி இருப்பவை மீனவர்களின் வீடுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் தெரிகிற வீடு என்றாலே அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே ஒரு வீட்டு விளம்பரத்தில் 'ஸீ க்ளிம்ப்ஸஸ்' (கடல் கொஞ்சம் தெரியும்) என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். குளியலறைத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று எட்டிப் பார்த்தால் இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. துரு பற்றி அம்மா சொன்னதும் உண்மைதான், அந்த வீட்டு முன்பக்கக் கிராதி உதிர்ந்துகொண்டிருந்தது.

பார்த்த வீடுகளில் மறக்க முடியாதவை பேஸ்மென்ட்கள். கடலோரம் வரிசையாக நிற்கும் அந்த வெள்ளை மாளிகை வீடுகளை எல்லாரும் படமெடுப்பார்கள். ஒருகாலத்தில் வேலைக்காரர்கள் புழங்கிய கீழ்த்தளம்தான் இப்போது நம்மைப் போன்றவர்கள் பார்க்கப் போகும் ஃப்ளாட். பழைய பிரைட்டன் வீடுகளின் சுவர் பங்கரூஷ் என்ற கலவையால் ஆனது: சிக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல், சுண்ணாம்பு, கையில் கிடைத்த எதுவும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் பாதி ஊரை இடித்துவிடலாம் என்று உள்ளூர்க்காரர்களே சிரிப்பார்கள். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பதால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை மாற்ற அனுமதி கிடைப்பது கடினம். ஒரு பேஸ்மென்டில் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. "ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்" என்றார் ஏஜென்ட். ஜனவரியில்! மகனுக்கு வீசிங் உண்டு, அந்த வீடு 1,450க்குக் கிடைத்தும் வேண்டாம் என்றேன். அன்று மாலையே அது வேறு யாருக்கோ போய்விட்டது.

இத்தனைக்கும் பணம் மட்டுமே தடை என்றால் இரவு டூட்டி போட்டாவது சமாளிக்கலாம். எனக்கு இந்த ஊரில் பழைய கணக்கு எதுவும் இல்லை, அதுதான் பெரிய தடை. கடனையும் பில்லையும் ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் கிரெடிட் ஸ்கோர் கேட்கிறார்கள். வந்து சில மாதம் ஆனவளுக்கு ஸ்கோர் எங்கிருந்து வரும்? சென்னையில் வீட்டு லோன் ஒரு தவணை தவறாமல் கட்டியவள் நான், அது இங்கே செல்லாது. முந்தைய வீட்டு ஓனரின் கடிதம் கேட்கிறார்கள். அடுத்தது கியாரண்டர். இந்த நாட்டில் வசிக்கும் ஒருவர், மாத வாடகையைப் போல முப்பத்தாறு மடங்கு ஆண்டு வருமானம் உள்ளவர், நான் வாடகை தராவிட்டால் தான் தருவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். 1,500க்குக் கணக்குப் போட்டால் 54,000 பவுண்டு. என் வார்டில் அவ்வளவு வாங்குகிறவர் யார் என்று யோசித்தால் கன்சல்டன்ட் டாக்டர்தான் நினைவுக்கு வருகிறார். அவரிடம் போய் இதைக் கேட்கவா முடியும்?

கியாரண்டர் இல்லையா, அப்படியானால் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்பணம் கட்டு என்றார்கள் அப்போது. 1,500 வீட்டுக்கு 9,000 பவுண்டு, அன்றைய கணக்கில் ஒன்பதரை லட்சம் ரூபாய். அதற்கு மேல் டெபாசிட்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது, 1810ல் லண்டனில் இந்திய உணவு விடுதி திறந்தார். இரண்டே ஆண்டில் திவால். அதற்குப் பிறகு பிரைட்டனுக்கு வந்து, கடலோரத்தில் நீராவிக் குளியலும் இந்திய முறை உடல் பிடித்துவிடுதலும் நடத்தி, அரசர் நான்காம் ஜார்ஜுக்கே அந்தச் சிகிச்சை செய்யும் அளவுக்கு உயர்ந்தார். இங்கேதான் இறந்தார், கல்லறையும் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்தில் இருக்கிறது. திவாலான மனிதர். இன்றைய கிரெடிட் செக்கில் அவருக்கு ஒரு பேஸ்மென்ட்கூடக் கிடைத்திருக்காது.

சட்டம் நம் பக்கம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019லிருந்து ஏஜென்ட்கள் வாடகைக்கு வருகிறவரிடம் 'அட்மின் ஃபீஸ்' வாங்கக் கூடாது. சாதாரண வாடகைக்கு டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டு நமக்குத் தகவல் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டதைப் பார்த்தவளுக்கு இது சொர்க்கம். 2025 அக்டோபரில் நிறைவேறிய புதிய வாடகைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் "நீங்கள் எவ்வளவு கூட்டித் தருவீர்கள்" என்று ஏலம் விட முடியாது (நான் தேடியபோது இது தினசரிக் கூத்து). ஒரு மாதத்துக்கு மேல் முன்பண வாடகையும் வாங்க முடியாது.

கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கு இடிக்கிறது. ஆறு மாத முன்பணம் அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் ஸ்கோரும் கியாரண்டரும் இல்லாத புதிதாக வந்தவர்கள் உள்ளே நுழைய அது ஒன்றுதான் வழியாக இருந்தது. அதை அடைத்தார்கள், கியாரண்டர் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கியாரண்டராக நிற்கும் கம்பெனிகளுக்கு இனி நல்ல காலம். வெளிநாட்டிலிருந்து நர்ஸ்களை அழைத்து வரும் மருத்துவமனைகளே அந்தக் கையெழுத்தைப் போட்டால் என்ன? சம்பளம் அவர்கள் கொடுப்பதுதானே?

எனக்கு வீடு கிடைத்தது வார்டில் இருக்கும் மலையாளி சேச்சி மூலம். அவருடைய தோழி குடும்பம் சொந்தமாக வீடு வாங்கிக்கொண்டு போகிறது, வாடகை வீடு காலியாகிறது, ஓனர் ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக விடுகிறார், ஊர் பீஸ்ஹேவன். பிரைட்டனிலிருந்து கிழக்கே, 12ஆம் நம்பர் பஸ்ஸில் போக வேண்டும். 1916ல் சார்லஸ் நெவில் என்ற தொழிலதிபர், கடலோரப் பாறை மேட்டில் புல்வெளியை மனை போட்டு விற்று உண்டாக்கிய ஊர். ஒழுங்காகக் கோடு கிழித்த தெருக்கள், அதில் சின்னச் சின்ன பங்களாக்கள். பிரைட்டன்காரர்கள் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்கள் சுளிப்பதால்தான் வாடகை கொஞ்சம் குறைகிறது.

ஓனர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். மனைவிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது எங்கள் மருத்துவமனை நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்களாம், அந்த நன்றி எனக்கு உதவியது. வேலைக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் பார்த்தார். என் விசாவை இணையத்தில் சரிபார்க்க உதவும் ஹோம் ஆபீஸ் ஷேர் கோடை எப்படிப் போட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார், நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். வாடகை 1,400. மூன்று மாதம் முன்பணம் கேட்டார். 4,200ம் டெபாசிட் 1,615ம் சேர்த்து 5,815 பவுண்டு. ஊரில் கணவர் என் நகையில் தாலிச் செயின் நீங்கலாக மற்றதை அடகு வைத்து அனுப்பினார். கேஸ் நன்றாக வேலை செய்கிறது, ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி, சமையலறைக்குத் தனிக் கதவு. மீன் பொரித்தால் படுக்கையறைக்கு வாடை வராது. இதைவிட என்ன வேண்டும்?

கட்டுப்படியாவது எப்படி என்று கேட்கிறார்கள். பிடித்தம் போக அடிப்படைச் சம்பளம் அப்போது 1,900 பவுண்டை ஒட்டித்தான் கைக்கு வந்தது. அதில் 1,400 வாடகை போனால் மிச்சத்தில் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி), கரண்ட், பஸ், சாப்பாடு எதையும் சமாளிக்க முடியாது. ஆனால் எங்கள் பேண்டில் இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம் கூடுதல், ஞாயிற்றுக்கிழமைக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம் கூடுதல். ஒரு ஞாயிறு முழு டூட்டி பார்த்தால் வழக்கத்தைவிட நூறு பவுண்டுக்கு மேல் சேரும். ஆகவே ரோஸ்டர் வரும்போது எல்லாரும் ஞாயிறு லீவு கேட்பார்கள், நான் ஞாயிறு டூட்டி கேட்பேன். "மக்களே, கோயிலுக்குப் போகாம இப்படி வேலை செய்யணுமா" என்று அம்மாவுக்கு வருத்தம். கணவருக்கு நியூஹேவனில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்த பிறகுதான் மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் போக முடிகிறது. நகையில் வளையல்கள் மீண்டுவிட்டன, ஆரம் இன்னும் வங்கியில்.

பீஸ்ஹேவனில் கஷ்டமும் உண்டு. காற்று பயங்கரம். காலை பஸ் ராட்டிங்டீன் சிக்னலில் மாட்டினால் நகராது, ஏழரை டூட்டிக்கு நான் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். மாடியில் முன்சீட்டு கிடைத்தால் வழி நெடுகக் கடல், அதற்குத் தனி வாடகை இல்லை. மகனுக்கு ஊர் பிடித்துவிட்டது. கிரீனிச் தீர்க்கரேகை இங்கே கடலில் இறங்குகிறது, பாறை மேல் நினைவுத் தூண் இருக்கிறது. ஒரு காலைக் கிழக்கிலும் இன்னொரு காலை மேற்கிலும் வைத்து நிற்பது அவனுடைய வார இறுதி வேலை.

எங்கள் தெருக்கோடியில் இன்னொரு வீடு ஆகஸ்டில் காலியாகிறது, இரண்டு படுக்கையறை. ஓனர் எங்கள் ஓனரின் நண்பர், அவரும் ஏஜென்டிடம் போகமாட்டார். நாய் வளர்ப்பவர்கள் என்றால் தயங்குவாராம். மருத்துவமனைக் கடிதமும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கையில் இருக்கிற யாராவது தேடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், அவர் விளம்பரம் போடுவதற்குள் பேசிப் பார்க்கிறேன்.