அட்டை வாசித்த பையன்

அப்பா 1920ல் ரங்கூனில் பிறந்தவர். எட்டு வயதிலேயே அவருக்கு ஒரு வேலை இருந்தது. சம்பளம் ஒரு பயாஸ்கோப் டிக்கெட். தாத்தாவுக்குப் பர்மியம் சரியாகப் புரியாது, வாசிக்கவும் தெரியாது. அதனால் கொட்டகையில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். திரையில் வாய் அசையும், பிறகு எழுத்து அட்டை வரும். அப்பா அதை வாசித்துத் தமிழில் சொல்வார். முன்வரிசையில் இருக்கும் துறைமுகக் கூலிக்காரர்களும் காது கொடுத்துக் கேட்பார்களாம்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் ஊமைப் படங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியது இந்தக் கதைக்காகத்தான்.

பர்மாவின் முதல் கதைப்படத்தை ஓன் மாங் என்பவர் எடுத்தார், நியீ பூ என்பவர் நடித்தார். 1920 அக்டோபர் 13ல் அது ரங்கூனில் திரையேறியது. அப்பாவுக்கும் பர்மா சினிமாவுக்கும் ஒரே வயது!

ஊமைப்படக் கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள். நொடிக்கு 16 பிரேம், 18, 20 என்று கை போன போக்கில் வேகம் மாறும். யாரும் கவலைப்படவில்லை. ஒலி வந்ததும் அது செல்லாது. ஒலித்தடம் பிலிமின் ஓரத்திலேயே ஓடுகிறது. வேகம் கூடினால் குரல் கீச்சிடும், குறைந்தால் இழுக்கும். அதனால் மோட்டார் வைத்து 24 பிரேம் என்று கட்டிப்போட்டார்கள். இதைப் படித்த அன்றுதான் அப்பா சொன்னது எனக்கு விளங்கியது. பேசும் படம் வந்தபின் எழுத்து அட்டையும் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் முடியாது; அவர் ஒரு வசனத்தைத் தாத்தா காதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். பின்னாலிருந்து அதட்டல் வேறு. தாத்தா பர்மியப் பேசும் படங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

இன்னொன்றைப் படித்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். பர்மியம் பேசிய முதல் படம் 1932ல் வந்தது. அதை எடுத்த இடம் பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி. 1931ல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வையும், அதே வருடம் அக்டோபர் 31ல் வெளிவந்த நம் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸை'யும் எடுத்த அதே கம்பெனி! 'காளிதாஸி'ல் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். அந்தக் கொட்டகையிலும் பக்கத்தில் ஒரு பையன் தேவைப்பட்டிருப்பான்.

ஒலிக்கருவிகளுக்குச் செலவு அதிகம். ஆகவே இங்கே பர்மாவில் ஊமைப் படங்கள் சட்டென்று மறையவில்லை. 1934ல் வந்த 'மியா கா நைங்' ஊமைப்படம்தான். மிஞ்சியிருக்கும் பர்மியப் படங்களில் அதுவே மிகப் பழையது. இத்தாலியில் போலோன்யா நகரத்தில் அதைச் செப்பனிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அப்பாவின் வேலையும் இன்னும் சில வருடம் நீடித்திருக்கும்.

போன வாரம் கரண்டு போன ராத்திரியில், தெருவெல்லாம் ஜெனரேட்டர் இரைச்சல், லேப்டாப்பில் அந்தப் படத்தைப் போட்டேன். அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, பக்கத்தில் இருந்தார். கண் மங்கிவிட்டது, அட்டை வாசிக்க முடியாது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். பாதியில் என் கையைப் பிடித்தார்.

"நிறுத்துடி. அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

நிறுத்தினேன். மறுபடியும் சொன்னேன்.