இன்னைக்கு அனுப்பலாமா?

நவம்பர் 3, திங்கள்

மகன் வேனை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது. பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேராகப் போய்ப் பாயில் சுருண்டுகொண்டான். டிபன் பாக்ஸில் உருளைக்கிழங்கு வறுவல் அப்படியே கிடக்கிறது. உருளைக்கிழங்கை மிச்சம் வைக்கிற பிள்ளை இல்லை இவன்.

அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 99.8. "இதெல்லாம் ஒரு காய்ச்சலா" என்றார் வீட்டுக்காரர். அக்குளில் எடுத்தால் வாயில் எடுப்பதைவிட அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை குறைத்துத்தான் காட்டும். அத்தை கழுத்துக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கதகதன்னு இருக்குடி, நாளைக்கு அனுப்பாத" என்றார். கற்பூரவல்லி பறிக்கக் கொல்லைக்கும் போய்விட்டார்.

"காலையில பாத்துக்கலாம்" என்பது அவருடைய கட்சி. எல்லா வீட்டிலும் ஆம்பளைங்க கட்சி அதுதான். ஆனால் காலையில் பார்த்து முடிவு பண்ணுவதுதான் வில்லங்கமே. நல்லா இருக்கிற உடம்பிலேயே விடியற்காலைச் சூடு குறைவு, சாயங்காலச் சூடு அதிகம். காய்ச்சலும் அதன்படியே ஏறி இறங்கும். ஆறரை மணிக்குத் தொட்டுப் பார்த்தால் பிள்ளை ஜில்லென்று இருக்கும். சீருடை மாட்டி வேனில் ஏற்றியாகிவிடும். அதனால் முந்தின ராத்திரியே முடிவு. வேன்காரருக்குச் சொல்லிவிட்டேன், நாளைக்கு இவன் வரமாட்டான்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் 98.4. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராத்திரி முழுக்க மழை. கலெக்டர் லீவு விட்டால் வீட்டுப் பஞ்சாயத்து முடிந்துவிடும் என்று டிவி முன்னால் நின்றோம். விடவில்லை. இவனை அத்தையிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஸ்கூலுக்குப் போனேன்.

என் வகுப்பு ரெண்டாப்பு. பத்தே முக்கால் இருக்கும், கடைசி வரிசையில் ஒரு பெண் பிள்ளை பலகையில் தலையைச் சாய்த்துவிட்டது. தொட்டால் அடுப்பு. சட்டைக் காலரில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக் காய்ந்த கறை, பாராசிட்டமால் சிரப்பின் வாசனை. "காலையில மருந்து குடிச்சியா?" "ஒரு மூடி குடிச்சேன் டீச்சர், அம்மா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுச்சு."

ஏழு மணிக்குக் கொடுத்த சிரப் நாலிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். பிறகு காய்ச்சல் திரும்பும். கணக்கு சரியாக இருந்தது. மூடி என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரே பெயரில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் விற்கிறார்கள், 250-உம் விற்கிறார்கள். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பதுதான் அளவு. மூடி எந்தக் கணக்கிலும் வராது.

ஈமிஸ் என்கிற பள்ளிக் கணினிப் பதிவில் இருக்கிறது அப்பா நம்பர். அது துபாயில் அடித்தது. பக்கத்து வீட்டு நம்பரைப் பிடித்து ஆள் அனுப்பி, தாளடி நடவிலிருந்து அந்த அம்மா வருவதற்குப் பன்னிரண்டாகிவிட்டது. முழங்கால் வரை சேறு, சேலையை இறக்கிவிடக்கூட நேரமில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "தெரியும் டீச்சர், தெரிஞ்சுதான் அனுப்புனேன்" என்றது. "நான் இன்னைக்கு இறங்கலன்னா நாளைக்கு அந்த இடத்துக்கு வேற ஆளு. மெஷின் வந்த பொறவு வேலையே நாலு நாளுதான். வீட்டுல போட்டா பாத்துக்க ஆளு இல்ல, சோறும் இல்ல. இங்கன்னா காலையில உப்புமா, மத்தியானம் முட்டையோட சோறு."

இதற்கு நான் என்ன சொல்ல? காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-இல் நம்ம திருக்குவளையில்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவானது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இன்றைக்கும் அது நல்ல திட்டம்தான். ஆனால் அந்த உப்புமா, பிள்ளை வந்தால்தான் உண்டு. நூறு டிகிரிக்கு மேல் காய்ந்தாலும் வந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் இவனுக்கு 101. அவர் தெர்மாமீட்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. அத்தைக்கு வருஷா வருஷம் அன்னாபிஷேகத்துக்குப் பெரிய கோயில் போக வேண்டும், இந்த வருஷம் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் சி.எல். போட்டேன். "நீங்க போடலாமே" என்று கேட்டதற்கு, ஆபீஸில் ஆடிட் என்றார். போடட்டும், அடுத்த காய்ச்சலுக்கு அவர்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வராண்டா முழுக்கக் கூட்டம். எனக்கு முன்னால் இருந்தவர் ஊசி போட்டால்தான் போவேன் என்று நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா இவன் தொண்டையைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, சாதாரண வைரஸ் காய்ச்சல் மாதிரி இருக்கு என்றார். இது டெங்கு சீசன், அதனால் ரத்தமும் எடுத்தார்கள். பாராசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ வேண்டவே வேண்டாம். இன்னொன்றும் சொன்னார், அதை இங்கே எல்லோருக்குமாக எழுதி வைக்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம், பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் நடுவில். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று அன்றைக்கே பையை மாட்டி அனுப்புகிறோமே, அந்த நாள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுப்பினால்கூட எழுந்திருக்காத சோர்வு, ஒண்ணுக்கு சரியாகப் போகாதது, இதில் எது இருந்தாலும் ஸ்கூல் பேச்சே கிடையாது, நேரே ஆஸ்பத்திரி.

ராத்திரி எட்டு மணிக்கு 100.6. சிரப் கொடுத்தேன், மூடியில் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

காலையில் சூடு இல்லை. டெங்கு இல்லை என்று ரிசல்ட்டும் வந்துவிட்டது. அத்தை பிரசாதத்தோடு திரும்பிவிட்டார். இவன் திண்ணையிலிருந்து குதிக்கிறான், மழைத்தண்ணீரில் கப்பல் விட வேண்டுமாம். "நல்லாத்தானே இருக்கான், அரை நாளாவது அனுப்பேன்" என்றார் அவர். மருந்து கொடுக்காமலேயே முழுசாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். குறிப்பாக, ஒரு சாயங்காலத்தைத் தாண்ட வேண்டும். நேற்று ராத்திரி எட்டுக்குக் கொடுத்த சிரப் எங்கே, இன்றைக்குக் காலை எட்டரை வேன் எங்கே.

ஸ்கூலில் கேட்டேன். அந்தப் பிள்ளை நேற்றும் வந்திருக்கிறது. இன்றைக்கும் வந்திருந்தது, காய்ச்சல் இல்லை, சாப்பிட்டது. ஸ்டாஃப் ரூமில் படுக்க ஒரு பாய் வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இவனுக்கு 98.2. நாளைக்கு அனுப்புகிறோம்.

நவம்பர் 7, வெள்ளி

அனுப்பியாச்சு. மூக்கு ஒழுகுகிறது, கொஞ்சம் இருமல். அதுக்கெல்லாம் லீவு போட்டால் ஐப்பசி கார்த்திகையில் ஸ்கூலில் வாத்தியார் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறான், விளையாடுகிறான், போதும்.

நவம்பர் 9, ஞாயிறு

எதிர்த்த தெருவில் ஒரு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகியாச்சு. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, சுமாராக 5 நாள், பிள்ளையை அனுப்பக்கூடாது என்பது டாக்டர் கணக்கு. நம்ம ஊர்க் கணக்கில் மூணு தண்ணி ஊற்றி முடியாமல் படி தாண்டவே முடியாது. அந்த வீட்டில் கூலி போகிறதே என்றோ பரீட்சை வருகிறதே என்றோ யாரும் முணுமுணுக்கவில்லை. மாரியம்மன் பெயரைச் சொன்னால் கிடைக்கிற லீவு வாந்தி பேதிக்குக் கிடைப்பதில்லை. அதுவும் ஒட்டுகிற நோய்தான், நின்ற பிறகு 2 நாளாவது வீட்டில் வைக்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

வெள்ளிக்கிழமை குழந்தைகள் தினம். ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைகளுக்குப் பரிசு, வகுப்புவாரியாகப் பட்டியல் கொடுங்கள் என்று எச்.எம். கேட்டார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் என் வகுப்பில் முதல் பெயரே அந்தப் பிள்ளைதான். போன செவ்வாயன்று அது தலையைச் சாய்ப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே ஆஜர் போட்டாகிவிட்டது.

"மேடம், இந்தப் பரிசை நிறுத்திடலாம். காய்ச்சலோட வர்றதுக்கு நாமளே கை தட்டுற மாதிரி இருக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வராத பிள்ளைங்களை வரவைக்கத்தானே இது ஆரம்பிச்சது" என்றார். அதுவும் உண்மை. காரணம் சொல்லாமல் மட்டம் போடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். மருத்துவ விடுப்பைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கலாம் என்று சொன்னேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள், இந்தத் தடவை பென்சில் பாக்ஸ் வாங்கியாச்சு என்றார்.

பேசுவேன். அந்த அம்மாவையும் கூட்டத்துக்கு வரச் சொல்ல வேண்டும். நடவு இல்லாத நாளாகப் பார்த்து வைத்தால் வரும்.