பனி ஊரில் தறி பழகியது

ஜப்பான் என்றதும் டோக்கியோ, அதிலும் நம் ஆட்கள் நிறைந்த நிஷிகசாய் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஹிரோசாகி கொஞ்சம் அதிர்ச்சிதான். ஹொன்ஷு தீவின் வடகோடியில், ஆவோமோரி மாகாணத்தில் இருக்கிற ஊர். ஆப்பிள் தோட்டங்கள், பழைய கோட்டை, ஏப்ரல் கடைசியில் செர்ரிப் பூ எல்லாம் உண்டு. ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனியைத் தவிர வேறு பேச்சில்லை. கணவருக்கு இங்கே ஆராய்ச்சி வேலை. எனக்கு அவரைச் சார்ந்து வந்த விசா. தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றார்கள். சரி, மொழி தெரியாத ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? காலையில் வாசல் பனியை வாரித் தள்ளுவது, ஹீட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது, அதோடு நாள் முடிந்துவிடும்.

இங்கே தெருவுக்குத் தெரு ஒரு சுற்றறிக்கை அட்டை வீடு வீடாகக் கை மாறும். கைரன்பான் என்பார்கள். படித்து முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அதில் பாதி புரியாது. புரியவில்லை என்று கேட்கிற சாக்கில்தான் அடுத்த வீட்டுப் பாட்டியோடு பழக்கமானது. அவர்தான் கோமின்கானுக்கு, அதாவது ஊர்ப் பொதுக் கூடத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு அறையில் நான்கைந்து தறிகள். பெரும்பாலும் அறுபது தாண்டிய பெண்கள். நான் சென்னிமலைக்காரி, தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், ஆனால் தறியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்குத் தார் சுற்றுகிற வேலை மட்டும்தான் வாய்த்தது.

அந்தப் பெண்கள் நெய்துகொண்டிருந்தது சாஷிகோ மாதிரி வடிவங்கள். சாஷிகோ உண்மையில் ஊசி வேலை. நீலத் துணியில் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டுத் துணியைக் கனமாக்குவது. இந்த ஊரைச் சுற்றியுள்ள சுகரு பகுதியில் அதற்குக் கொகின் என்று பெயர். அதன் பின்னால் இருப்பது அழகுணர்ச்சி மட்டுமில்லை, குளிரும் சட்டமும்தான். இந்தக் குளிரில் பருத்தி விளையாது. மேற்கு ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பருத்தியைக் குடியானவர்கள் உடுத்தக் கூடாது என்று 1724-இல் சுகரு ஆட்சி சிக்கன ஆணை போட்டது. சணல் போன்ற நாரில் நெய்த முரட்டுத் துணிதான் அவர்களுக்கு. அதில் காற்று புகும் என்பதால் இழைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை நூலால் அடைத்தார்கள். துணியாக உடுத்த முடியாத பருத்தியை, பின்னாளில் கிடைத்தபோது நூலாகவே உள்ளே ஏற்றிக்கொண்டார்கள். சட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். டோக்கியோவின் உவேனோவிலிருந்து ஆவோமோரிக்கு 1891-இல் ரயில் வந்தது, 1894-இல் ஹிரோசாகிக்கும் வந்தது. பருத்தித் துணி தாராளமாகக் கிடைத்ததும் கொகின் தைக்கிற தேவையே போய்விட்டது. இப்போது இருப்பது பிறகு மீட்டெடுத்தது. ஊருக்குள் கொகின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. கட்டடக் கலைஞர் மாயேகாவா குனியோ 1932-இல் கட்டிய அவருடைய முதல் கட்டடத்தில்தான் அது இயங்குகிறது. பனி இல்லாத மாதத்தில் போய்ப் பாருங்கள்.

இதைத் தறியில் எப்படிக் கொண்டுவருவது? சாதாரண சாஷிகோவில் ஊசி எந்தப் பக்கமும் போகும். சாய்கோடுகள் நிறைந்த ஆசானோஹா வடிவத்தை எங்கள் மாதிரி சின்னத் தறியில் எடுக்கவே முடியாது. கொகினில் தையல் ஊடை, அதாவது குறுக்கு இழை, போகிற திசையில் மட்டும்தான் ஓடும், அதனால் தறிக்கு அது இணக்கமானது. நீலப் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், நீல ஊடை, சாதா நெசவு. ஒவ்வொரு நீல ஊடைக்கு அப்புறமும் அதைவிடத் தடிமனான ஒரு வெள்ளை ஊடை. வெள்ளை போகிற வரிசையில் காலால் அழுத்துகிற மிதிக்கு வேலையில்லை. மெல்லிய மூங்கில் பட்டையால் பாவு இழைகளை எண்ணி எண்ணி எடுக்க வேண்டும். பட்டையை நிமிர்த்தி நிறுத்தினால் வழி திறக்கும். எடுத்த இழைக்குக் கீழே வெள்ளை மறையும், விட்ட இழைக்கு மேலே தெரியும். கொகின் கணக்கு ஒற்றைப்படை: முதல் வரிசையில் 1 இழை, அடுத்து 3, 5, 7. இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக ஏறி, அதே கணக்கில் இறங்கினால் ஒரு வைரம். இப்படிச் சின்ன வடிவங்களுக்கு மொதோகோ என்று பெயர். அவரைக்கொட்டை, மீன் செதில், பூனைக் கண் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெயர் உண்டு. அவற்றைச் சேர்த்துத்தான் பெரிய கோலம் வரும்.

எண்ணிக்கையைவிட, ஊடையை நெருக்கப் பலகை அடிக்கிற விதம்தான் கஷ்டம். கொகின் வைரம் உயரமாக நிற்க வேண்டும். கொஞ்சம் ஓங்கி அடித்தால் வரிசைகள் நெருங்கி வைரம் படுத்துக்கொள்ளும். ஆவோமோரியின் கிழக்குப் பக்கமான நம்புவில் இரட்டைப்படைக் கணக்கில் அகன்ற வைரம் தைப்பார்கள். சுகருவுக்கும் நம்புவுக்கும் அந்தக் காலத்திலிருந்தே ஆகாது. அதனால் யாராவது பலமாக அடித்தால் "நம்புவுக்குப் போய்விட்டாயா?" என்று கேட்டு அறையே சிரிக்கும். வெள்ளை ஊடையை இழுத்துப் போடாமல் வில் மாதிரி வளைத்துத் தளர்வாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் உள்ளே சுருங்கிவிடும்.

எனக்குச் சுகரு பேச்சு பிடிபட்டதும் இந்த எண்ணிக்கையில்தான். இழை எண்ணும்போது எண்களைத் தவிர யாரும் வேறெதுவும் பேச மாட்டார்கள். முதலில் எண்கள் பிடிபட்டன, அப்புறம் மருமகள் புராணம், ஆப்பிள் விலை, யாருக்கு முட்டி வலி என்பதெல்லாம் மெல்லப் புரிய ஆரம்பித்தது. ஜப்பானிய மொழிப் பாடப் புத்தகம் இதில் கால்வாசிகூடத் தரவில்லை.

அடுத்த வீட்டுப் பாட்டிக்கு மட்டும் தறி வடிவத்தில் திருப்தியில்லை. "இது நெசவு, கொகின் இல்லை" என்பார். மற்றவர்கள் ஜூடோ சட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கனமான மேல்சட்டையும் தறியில் நெய்த சாஷிகோதான், யார் இழுத்தாலும் கிழியாது. உறுதிக்கு ஊசி அவசியமில்லை என்பது இவர்கள் கட்சி. நான் பாட்டி பக்கம்தான். பழைய உடுப்பு தேய்ந்தபோது தேய்ந்த இடத்திலேயே மறுபடி தைத்தார்கள், வெள்ளை அழுக்கானபோது முழுவதையும் நீலத்தில் முக்கிச் சாயமேற்றினார்கள். ஒரே உடுப்பை வருடக்கணக்கில் வளர்த்துக்கொண்டே போகலாம். தறியிலிருந்து அறுத்து எடுத்த துணியில் அந்த வேலை நடக்காது. மறுபடி ஊசியைத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் எனக்குத் தறிதான் பிடித்திருக்கிறது. கால், கை, கண் மூன்றுக்கும் வேலை இருப்பதால் குளிர் தெரிவதில்லை.

இப்போது ஆப்பிள் தரம் பிரிக்கும் கூடம் ஒன்றில் பகுதி நேர வேலை, அந்த 28 மணிக்குள். தறிக்குப் புதன்கிழமை மட்டும்தான் ஒதுக்க முடிகிறது. இந்தப் பக்கம் வருகிற தமிழ்க் குடும்பங்கள் நகராட்சி போடுகிற செய்தி இதழைத் தூக்கிப் போடாதீர்கள். கோமின்கானில் எந்தக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்பதெல்லாம் அதில்தான் வரும். புரியாவிட்டால் அடுத்த வீட்டில் கேளுங்கள்.