பில்லை மடித்து வை

ஜூன் 2
பாம்பனில் சித்தப்பாவின் வலைக்கடை. இன்று முதல் சரக்கு வரவு நோட்டு என் கையில். வலையில் கோக்கும் ஈயக்குண்டு 25 கிலோ மூட்டை 8 வந்தது. பில்லோடு சரிபார்த்து எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். இதில் என்ன கஷ்டம் என்று தோன்றியது.

ஜூன் 5
மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. ஏப்ரல் 15இலிருந்து விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கின்றன. வலை பொத்துகிற நேரம் என்பதால் கடையில் கூட்டம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அவர்கள் நண்டு வலை கேட்டு வருகிறார்கள்.

மதியம் நண்டு வலை லாரி வந்தது. பில்லில் 10 கட்டு. 10 என்று எழுதிவிட்டேன். சித்தப்பா எண்ணினார், 9.

"பில்லைப் பார்த்துட்டு எண்ணினா கண்ணு பில்லைத்தான் எண்ணும். மடிச்சு மேசைக்குள்ள போட்டுட்டு எண்ணு, தாயி."

டிரைவர் அவசரப்படுத்தினார். சித்தப்பா அசையவில்லை. லாரி ரசீதில் 'ஒரு கட்டு குறைவு, ஒரு கட்டு நனைந்திருக்கிறது' என்று எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நான் போட்டேன்.

ஜூன் 6
ரோஷம் வந்து எல்லாவற்றையும் நிறுக்கத் தொடங்கினேன். ஈய மூட்டையில் மூன்றைத் தூக்கி வைத்தேன். மூன்றிலும் 300 கிராம் குறைவு! கம்பெனிக்குப் போன் போட்டுக் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன்.

ஜூன் 9
விடுபட்ட கட்டு வந்து சேர்ந்தது. கணக்கர் சொன்னார்: ஒரே பில் சரக்கு பிரிந்து வந்தால், கடைசிப் பகுதி கைக்கு வந்த பிறகுதான் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது நாம் கொடுத்த வரியை, கழித்துக்கொள்ள முடியுமாம். அதனால் வரவு நோட்டில் தேதி தப்பக் கூடாது.

கட்டைப் பிரித்தால் 12 பீஸ். வழக்கமாக 8தான். கட்டின் மேல் எழுதியிருந்த எடை மட்டும் பில்லில் உள்ளபடியே. கூடுதலாக வந்திருக்கிறது என்று நான் குஷியாகச் சொல்ல, சித்தப்பாவின் முகம் மாறியது. ஓரத்தில் ஒரு நூலை வெட்டி நகத்தால் முறுக்கைப் பிரித்தார்.

பில்லில் 210/2/3. 210 என்பது டெனியர், அதாவது ஒரு இழை 9,000 மீட்டருக்கு 210 கிராம். இரண்டிரண்டாக மூன்று புரி, மொத்தம் 6 இழை இருக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் 4தான். 210/2/2 வந்திருக்கிறது. நூல் மெலிந்தால் அதே எடைக்கு வலை கூடும், அவ்வளவுதான் அந்தக் 'கூடுதல்'. வலையின் பத்துக் கண்ணை இழுத்துப் பிடித்து ஸ்கேல் வைத்தேன், 90 சென்டிமீட்டர். கண்ணளவு 90 மில்லிமீட்டர், அது சரி.

மற்ற 9 கட்டிலும் 8 பீஸ், 6 இழை. ஏமாற்று வேலை இல்லை, கட்டு மாறியிருக்கிறது. ஆனால் இதை வாங்கிப் போகிறவருக்கு நண்டு ஒரே நாளில் அறுத்துக் கொடுக்கும். கட்டின் மேல் சாக்பீஸால் 'விற்காதே' என்று எழுதி ஓரமாக வைத்தேன்.

ஜூன் 12
கச்சான் காற்று மணலை வாரி உள்ளே கொட்டுகிறது. தராசுக்கு வருடாந்தர முத்திரை போட வேண்டிய நேரம். அதற்கு முன் சுத்தம் செய்யத் தட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு கைப்பிடி மணல், உப்புத் துருவோடு இறுகிக் கிடந்தது. சுரண்டிவிட்டு அதே மூன்று மூட்டையை வைத்தேன். 25, 25, 25.

சித்தப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 13
வேறு வழியில்லாமல் ஈயக் கம்பெனிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அண்ணன், "அது கிடக்கட்டும்மா, எங்க குடோன் கணக்குல ஒரு மூட்டை இடிக்குது. உங்களுக்கு வந்தது எத்தனை?" என்றார்.

"எட்டுண்ணே, நோட்டுல எழுதியிருக்கேன்."

"நோட்டு இருக்கட்டும். எண்ணிப் பாரு."

உள்ளே போய் எண்ணினேன். 9.